ஆள் எண்ணாமல் பார்த்த படகு

படகு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. ஆனால் கடல் தாண்டிப் போகிற பாய்மரப் படகில் எது நல்லது, எது ஆகாது என்று யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் நிற்காமல் சொல்வேன். இந்த இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன என்பதை எழுதி வைத்தால் ஒருவேளை கோபம் குறையலாம். குறையாவிட்டாலும் பரவாயில்லை.

என் கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். கல்யாணமான இருபத்தாறு வருஷமும் வருஷத்துக்கு மூன்று நான்கு மாதம் கடலூர் வீட்டில் இருப்பார், மிச்ச நாளெல்லாம் கடலில். பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் மனைவியையும் கப்பலில் கூட்டிப்போகலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. எனக்கு அது வாய்க்கவே இல்லை. முதலில் மகள் கைக்குழந்தை. அடுத்த தடவை மாமியாருக்குக் கண் ஆபரேஷன். பிறகு மகளுக்குப் பத்தாவது, பன்னிரண்டாவது. அதற்கப்புறம் எனக்கு லீவு கிடைக்காது என்று அவரே முடிவு செய்துகொண்டார், நான் ஆபீசில் கேட்டுப் பார்ப்பதற்கு முன்பே. நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அவர் கப்பலில் வேலை பார்த்தவர்களின் மனைவிகள் எந்தெந்த ஊர்த் துறைமுகத்திலோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கும் படங்கள் வாட்ஸாப்பில் வரும். அதையும் பஸ்ஸில்தான் பார்ப்பேன்.

அவர் ஓய்வு பெற்று வந்து ஆறு மாதம் இருக்கும். மகள் ஐதராபாத்தில் வேலைக்குப் போய்விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாம ரெண்டு பேரும் ஒரு பாய்மரப் படகு வாங்கிக்கினு அந்தமான் வரைக்கும் போய்ட்டு வரலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. வெளிநாட்டில் வயதான தம்பதிகள் இப்படிச் சுற்றுகிறார்களாம், செல்போனில் காட்டினார். வெள்ளை முடியோடு ஒரு பெண் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள், கணவன் தேநீர் போட்டுக்கொண்டிருந்தான். நான் படகைப் பார்க்கவில்லை. ரெண்டு பேரும் என்று அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததே இல்லை.

அதற்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். நூலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு விஷயத்தைத் தோண்டி எடுக்கவா தெரியாது? போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் படகின் அடிக்கட்டையான கீலைப் பற்றி ஒரு கட்டுரை முடித்துவிடுவேன். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதுவேன். அவர் காலையிலிருந்து லேப்டாப்பில் விற்பனைக்கு வந்த படகுகளைப் பார்த்திருப்பார். இரவுச் சாப்பாட்டில் இரண்டு பேரும் பேசுவோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அவ்வளவு பேசியதே அந்த நான்கு மாதத்தில்தான். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

இரும்புப் படகு வேண்டாம் என்று முதல் வாரமே தள்ளிவிட்டோம். எங்கள் வீடு தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில் இருக்கிறது. உப்புக்காற்றில் வாசல் கேட்டே வருஷா வருஷம் பெயிண்ட் கேட்கிறது, படகு கேட்காதா? ஃபைபர் என்றால் நம் ஊரிலேயே ஒட்டுப்போட ஆள் இருக்கிறது. அதுவும் பழைய ஃபைபர். அந்தக் காலத்தில் பயந்து பயந்து கனமாகக் கட்டியிருக்கிறார்கள், இப்போது வருவதெல்லாம் தட்டினால் தகரம் மாதிரி இருக்கிறது.

கடைசியில் இரண்டு படகு தேறின. இரண்டும் கொச்சியில் கட்டிக் கிடந்தன, இரண்டுமே வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போனவை. ஒன்று முப்பத்திரண்டு அடி. முன்னும் பின்னும் கூராக, ஒடுக்கமாக, அளவுக்கு மீறிய எடையோடு இருக்கும். அதை நாங்கள் சின்னது என்போம். இன்னொன்று நாற்பத்து நான்கு அடி. அகலமான ஹால், முன்னால் ஒரு படுக்கையறை, பின்னால் ஒரு படுக்கையறை, இரண்டு பாத்ரூம். அது பெரிசு.

எனக்குச் சின்னதுதான். காரணம் கேட்டால் சொல்கிறேன். படகின் அடியில் முதுகெலும்பு போல ஓடுகிற கட்டையை ஆங்கிலம் படித்தவர்கள் கீல் என்கிறோம், நம் பக்கத்துப் படகுக்காரர்கள் ஏரா என்பார்கள். சின்னதில் அது முக்கால் நீளத்துக்கு ஓடுகிறது. அப்படி இருந்தால் படகு விட்ட திசையில் தானாகப் போகும், சுக்கானை நொடிக்கு நொடி பிடித்து மல்லுக்கட்ட வேண்டாம். சுக்கானும் அந்த ஏராவின் பின்விளிம்போடு சேர்ந்தே நிற்கிறது. வங்காள விரிகுடாவில் எங்கே பார்த்தாலும் வலை. வலை மேல் ஏறினாலும் இந்தப் படகு வழுக்கிக்கொண்டு போய்விடும். பெரிசுக்கு நடுவில் மட்டும் ஒரு குட்டைக் கீல், ஆழமாகத் தொங்குகிறது, அதுவும் போல்ட் போட்டு முடுக்கியது. சுக்கான் தனியாக அந்தரத்தில் தொங்குகிறது. ஒரு வலை மாட்டினால் தீர்ந்தது.

வேகம் பெரிசுக்குத்தான் அதிகம், நான் இல்லை என்று சொல்லவில்லை. காற்றுக்கு எதிராகவும் அதுதான் நன்றாக ஏறும். சின்னது மெத்தனம், துறைமுகத்துக்குள் திரும்பச் சொன்னால் எருமை மாதிரி யோசிக்கும். ஆனால் அந்தமானில் எங்களுக்காக யார் காத்திருக்கிறார்கள்? ஒரு நாள் கூடப் போனால் போகட்டும். கனமான படகு அலையில் மெதுவாக ஆடும், எலும்பு வலிக்காது. பாயும் சின்னது. வீட்டில் காஸ் சிலிண்டரை நானே உருட்டிக்கொண்டு போய் மாட்டுகிறேன், அந்தப் பாயை என்னால் இறக்க முடியும். பெரிசின் பாயை இறக்க இரண்டு ஆம்பிளைகள் வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நாலு பேரு வந்தா எங்க உக்கார வைக்கிறது?"

இதை எங்கள் ஊர்க்காரர் தவிர வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வீடு கட்டினாலும் இதே கேள்வி, சோபா வாங்கினாலும் இதே கேள்வி. நடுக்கடலில் போகிற படகுக்கும் ஹால் பெரிதாக இருக்க வேண்டும்.

"நடுக்கடல்ல யாருங்க வரப்போறா, பத்திரிக வைக்கவா?" என்றேன்.

"கரைக்கு வந்தா வருவாங்க இல்ல?"

"கரையில நம்ம வீடு இருக்குதே, அங்க உக்காரட்டும்."

அகலமான ஹால் கரையில்தான் அழகு. கடல் புரட்டும்போது ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் தூக்கி அடிக்கும். ஒடுக்கமான அறை என்றால் கை நீட்டினால் பிடிப்பு இருக்கும், இடித்தாலும் இரண்டு அடிதான். கடலில் போய் வந்தவர்கள் எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே பெரிசின் படத்தை மறுபடி திறப்பார்.

இன்னொரு விஷயம் அவர் யோசிக்கவே இல்லை. படகைக் கொச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றிக் கடலூருக்குக் கொண்டுவந்து, இங்கிருந்து கிளம்புவதாகத் திட்டம். கடலூர் ஆற்று முகத்தில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று அவர் கேட்டாரா? இல்லை. வரைபடத்தில் பார்த்துவிட்டார். ஒரு சனிக்கிழமை நானே முதுநகர் துறைமுகத்துக்குப் போனேன். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு விசைப்படகின் டிரைவரிடம் கேட்டேன். நாற்பது வயதிருக்கும், வாயில் பாக்கு.

"அது நெலையா சொல்ல முடியாதுக்கா. மண்ணு இன்னிக்கு இங்க இருக்கும், மழ முடிஞ்சா அங்க போயிடும். இப்ப தண்ணி ஏறுறப்ப ஒரு பாகம் இருக்கும். வத்துறப்ப எங்களுக்கே தட்டுது."

ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஆறடி. சின்னதுக்கு ஐந்தடி போதும். பெரிசுக்கு ஏழடி வேண்டும்.

"யாரு போறது?" என்றார்.

"நானும் எங்க வீட்டுக்காரரும்."

நக்கலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பாக்கைத் துப்பிவிட்டு, "ரெண்டே பேருன்னா சின்னதா எடுங்கக்கா. ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் தனியா பாத்துக்கணும். தனி ஆளுக்கு அடங்குற படகா இருக்கணும்" என்றார். என் நோட்டில் நாற்பது பக்கத்தில் எழுதியிருந்ததை அவர் அரை நிமிஷத்தில் சொன்னார். வீட்டுக்கு வந்து ஆழத்தைச் சொன்னபோது என் கணவர், "அதெல்லாம் தூர் வாருவாங்க" என்றார்.

கொச்சிக்குப் படகுகளை நேரில் பார்க்கப் போனோம். நான் லீவு போட்டேன். லீவு கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். என் தம்பியும் கூட வந்தான். அவன் குறிஞ்சிப்பாடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் ஏறி, அசையாத தண்ணீரில், அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்தவன். அவன் எதற்கு என்று கேட்டேன். துணைக்கு என்றார்.

சின்னப் படகுக்குள் நான் இறங்கினேன். டீசல் வாடையும் பழைய துணி வாடையும். கையை நீட்டினேன், இரண்டு பக்கமும் பிடி இருந்தது. படுக்கையில் படுத்துப் பார்த்தேன், தோள் இரண்டும் அணைப்பாக நின்றன. அடுப்பின் முன் இடுப்பைக் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. சுக்கான் பிடிக்கிற இடத்திலிருந்து எல்லாக் கயிறும் கைக்கு எட்டின. எனக்கு அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது. என் கணவர் குனிந்து உள்ளே வந்தார், நெற்றியை இடித்துக்கொண்டார், எஞ்சினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், வெளியே போய்விட்டார்.

பெரிசில் என் தம்பி ஹால் சோபாவில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "மாமா, ஒரு ஏசி போட்டா ஃபைவ் ஸ்டார் ஓட்டலு" என்றான். என் கணவர் எஞ்சின் அறைக்குள் போய்ப் பத்து நிமிஷம் வரவில்லை. வந்தபோது முகம் பிரகாசமாக இருந்தது. எஞ்சினியர் புத்தி எங்கே போகும்? புரோக்கரிடம் அவர் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கீல் போல்டை எப்போது மாற்றினீர்கள், சுக்கான் தண்டில் நீர் கசிகிறதா, பாயின் எடை என்ன. எல்லாம் என் நோட்டிலிருந்து. ஒரு கேள்வியைக்கூட என் மனைவி எழுதியது என்று சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்த அடுத்த ஞாயிறு, அவருடைய மேஜையை நான் துடைக்கும்போது ஒரு தாளைப் பார்த்தேன். கப்பலில் காவல் முறை என்று ஒன்று உண்டு. நாலு மணி நேரம் ஒருவர் விழித்திருந்து படகைப் பார்த்துக்கொள்வார், அப்புறம் அடுத்தவர். அதற்கான அட்டவணை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மூன்று பத்தியாக. முதல் பத்தியில் அவர் பெயர். இரண்டாவதில் என் தம்பி. மூன்றாவதில் அவரோடு கப்பலில் இருந்த நண்பர் ஒருவர். தாளின் கீழே எனக்கும் இரண்டு வரி இருந்தது. ஒன்று, போர்ட் பிளேருக்கு விமான டிக்கெட், ஒரு நபர். இன்னொன்று, வீட்டில் தயார் செய்ய வேண்டியவை: புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய்.

அகலமான ஹாலும் வேகமும் எல்லாம் சும்மா பேச்சு. மூன்று ஆம்பிளைகள் படுக்க இடம் வேண்டும், பாயை இறக்க மூன்று ஆம்பிளைகள் இருக்கிறார்கள், அதனால் பெரிசு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான்தான் நான்கு மாதமாக வேறு கணக்குக்கு விடை தேடிக்கொண்டிருந்தேன். என்னை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்து ஆடியிருக்கிறார்கள்.

தாளை அவர் முன்னால் வைத்தேன். "இதுல என் பேரு எங்க?"

"நீ ஃப்ளைட்ல வந்துடுமா. ரெண்டு மணி நேரம், சொகமா வந்து எறங்கு. நாங்க அங்க இருப்போம்."

"ரெண்டு பேரும்னு சொன்னீங்க."

"சொன்னேன். அப்புறம் யோசிச்சேன். அது ஆம்பளைங்களுக்கே கஷ்டம். கடலப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது.

"சுனாமி வந்த அன்னிக்கு இந்த வீட்ல யாருங்க இருந்தது? ரெண்டு வயசுப் புள்ளயத் தூக்கிக்கினு உங்க அம்மாவ இழுத்துக்கினு ஓடுனது யாரு? நீங்க எந்தக் கடல்ல இருந்தீங்கன்னுகூட எனக்கு மூணு நாளு தெரியாது. எஞ்சின் ரூம்ல ஜன்னல் இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப கடலப் பாக்காமயே கடல்ல இருந்தவரு நீங்க. ஆத்து மொகத்துல எவ்ளோ ஆழம்னு போய்க் கேட்டவ நானு. அந்த வாந்திக்காரனுக்கு நாலு மணி நேரம், எனக்குப் புளிக்காய்ச்சலா?"

நான் இவ்வளவு சத்தமாகப் பேசியது அக்கம்பக்கத்துக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் இருந்தது. அவர் தாளை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"உன்னோட மட்டும் ஏழெட்டு நாளு... எனக்குப் பழக்கம் இல்லமா. கப்பல்ல இருவது பேரு இருப்பாங்க. இங்க வந்தா நீ காலையில வேலைக்குப் போயிடுவ. ரெண்டே பேரு, பேச ஒண்ணும் இல்லன்னா என்ன பண்றது? பயமா இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. இரக்கத்தில் வந்தது பாதி, ஆத்திரத்தில் வந்தது பாதி. நான்கு மாதம் கீலையும் சுக்கானையும் தராசில் வைத்துப் பார்த்தோமே, இதை ஒரு நாள் எடுத்து வைத்திருக்கலாமே இந்த மனுஷன். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அந்தப் பாவத்துக்காக என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

"எனக்கு மட்டும் பழக்கமா?" என்றேன். "எனக்கும் பயந்தான். அதுக்குத்தான் சின்னத எடுக்கச் சொன்னேன். அதுல ஒருத்தர விட்டு ஒருத்தர் போய் ஒளியறதுக்கு எடம் கெடயாது."

நான் அன்று இரவு சமைக்கவில்லை. அவர் ரவை எடுத்து உப்புமா கிண்டினார், இரண்டு தட்டில் வைத்தார். உப்பு ஜாஸ்தி. நான் சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது போனை என்னிடம் நீட்டினார். "புரோக்கரு லைன்ல இருக்கான். சின்னதப் பத்தி நீயே பேசு. எனக்குச் சரியா கேக்கத் தெரியல." நான் பேசினேன். சின்னப் படகு போன வாரமே விற்றுப்போய்விட்டதாம். பெங்களூருவிலிருந்து ஒரு பல் டாக்டர் வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கொச்சிக் காயலின் அமைதியான தண்ணீரில் சுற்றுவாராம். கடலைத் தாண்டக் கட்டின படகு, காயலில், பிரியாணிப் பொட்டலத்தோடு. போனை மேஜையில் வைத்துவிட்டு, "வித்துப் போச்சாம்" என்றேன்.

"வேற சின்னதா பாக்கலாம்," என்றார். "கோவாவுல ஒண்ணு இருக்குது, நீளக் கீலுதான்." லேப்டாப்பைத் திறக்கப் போனார்.

நான் அதை மூடினேன். "மொதல்ல எத்தன பேருன்னு சொல்லுங்க. படக அப்புறம் பாக்கலாம்."

"ரெண்டு."

வாயால் சொன்னதை நம்பி ஏமாந்தது போதும். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஸ்கேல் வைத்து, இரண்டே பத்தி போட்டேன். முதல் பத்தியில் என் பெயர். நாலு மணி நேரம் நான், நாலு மணி நேரம் அவர், சமையலும் மாற்றி மாற்றி. கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "ராத்திரியில நாலு மணி நேரம் தாங்காது, தூக்கம் சொக்கும். மூணு மூணா போடு," என்றார். அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டார். அவர் தலை நிமிரும்வரை காத்திருந்து, கோபம் இன்னும் போகவில்லை என்பதையும் சொல்லி வைத்தேன்.